புள்ளியும் குவிப்பும்: நிழற்பட ஆர்வலர் ஒருவரின் வினாக்கள்

ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் கையால் படியெடுத்த காலம் போய், அவற்றை நிழற்படமாக எடுத்துப் பாதுகாக்கும் காலம் வந்திருக்கிறது. தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரிடமும் ஏதேனும் ஒரு வகைக் கேமரா இன்று இருக்கிறது. களப்பணிக்குச் சென்று திரும்புவோர் நூற்றுக்கணக்கில் படங்களைக் கொண்டுவந்து காட்டுகின்றனர். அவற்றைப் பெரிதாக்கிப் படிக்க முற்படும்போதுதான் குறை தெரிகிறது. வரியின் ஒரு பகுதி பளிச்செனத் தெரிய, மறுபகுதி நீரில் நனைந்ததுபோல் மங்கிக் கிடக்கிறது.

நம் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவர் நிழற்படத்தில் பேரார்வம் உடையவர். துபாயில் பணியாற்றும் அவருடைய காக்கா விடுமுறையில் வந்தபோது கேமரா ஒன்று வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். அதனைத் தோளில் மாட்டியவாறு ஒருநாள் மாலை துறை அறைக்கு வந்த அவர், 'ஐயா, பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?' என்று கேட்டார். அவ்வொரு வினாவைத் தொடர்ந்து வேறு பல வினாக்களும் எழுந்தன. நின்றபடியே யாம் கூறிய விடைகள் அவருக்குப் போதவில்லை; எமக்கும் போதவில்லை. அவ்விடைகளைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் இயற்பியல் கற்றவரல்லோம். ஆயினும் இவ்வினாக்களை எம்மையே யாம் கேட்டுக்கொள்ள நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனை முதற்கண் கூறுவது பொருந்தும்.

அதற்கு முன் சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. லென்ஸ் என்பதற்கு வில்லை என்னும் நல்ல தமிழ்ச்சொல் உண்டு. ஆனால் கடைவீதியில் வில்லை என்று கேட்டால் மருந்துக் கடையைக் காட்டிவிடுவர்; ஆதலின் லென்ஸ் என்றே இங்கு வழங்குகிறோம். இலத்தீன் மொழியில் லென்ஸ் என்பது ஒரு பருப்பின் பெயர். மைசூர்ப் பருப்பு என்று நாம் சமைப்பதுதான் அது. இருபுறமும் புடைத்த கண்ணாடித் துண்டு அப்பருப்பின் வடிவில் இருந்தமையால் அப்பெயர் பெற்றது. அரபு மொழியிலும் அதஸ் என்பது பருப்பு, அதஸா என்பது லென்ஸ். ஃபோகஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கோ அடுப்பு என்று பொருள். கெப்ளர் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அதனை ஒளி குவியும் இடத்திற்குப் பெயராக்கினார். நிழற்படக் கலையின் இருபெரும் சொற்களும் அடுக்களையிலிருந்து வந்தவை என்பது சுவையான செய்தி.

ஒரு பிழையின் கதை

2003ஆம் ஆண்டு. எம்.ஃபில். ஆய்வின் பொருட்டு அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிக் கடற்கரை ஊர்களில் யாம் அலைந்த காலம். காயல்பட்டினத்தில் ஒரு பெரியவர் தம் வீட்டு மரப்பெட்டியிலிருந்து தடித்த ஏடு ஒன்றை எடுத்துக் காட்டினார். முனாஜாத்துப் பாடல்களின் தொகுப்பு அது. முன்னும் பின்னும் தாள்கள் இல்லாமையால் எழுதியவர் பெயரோ ஆண்டோ தெரியவில்லை. வெளியே எடுத்துச் செல்ல அவர் இசையவில்லை. முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோகவும் விடவில்லை. 'தம்பி, வெயில் பட்டா தாளு ஒடிஞ்சுடும். இங்கனயே வச்சு எடுத்துக்கோங்க' என்றார். அவர் கூறியதில் தவறில்லை.

நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற எஸ்.எல்.ஆர். கேமரா எம்மிடம் இருந்தது. அதில் 50 மி.மீ. லென்ஸ். 36 படம் எடுக்கத்தக்க ஃபிலிம் ரோல்கள் இரண்டு. சன்னல் வழியே வந்த ஒளி குறைவு என்று கேமராவின் ஒளிமானி காட்டியது. லென்ஸின் துளையை முழுதும் திறந்து, அதாவது எஃப் 1.8 என்னும் அளவில் வைத்து, நொடியில் 60இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் சரியாக வரும் எனக் கணக்கிட்டோம். அதற்கு மெதுவாக எடுத்தால் கை நடுக்கத்தால் படம் கெடும் என்பதும் அறிந்திருந்தோம். கேமராவின் நடுவட்டத்தில் பிளவுபட்டுத் தெரியும் எழுத்து ஒன்றாகப் பொருந்தும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பி, ஒவ்வோர் ஏடாக 72 படங்களையும் எடுத்து முடித்தோம். வேலை செம்மையாக முடிந்தது என்னும் பெருமிதத்துடன் ஊர் திரும்பினோம்.

ஃபிலிம் கழுவிப் படமாக வந்தபோது, ஏட்டின் மேடான பகுதியில் எழுத்துகள் மிகத் தெளிவாக இருந்தன. தைத்த முதுகை நோக்கித் தாள் சரிந்து இறங்கும் இடத்தில் எல்லாம் புகையாகியிருந்தது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. எனவே வலப்பக்கத்து வரிகளின் இறுதியும் இடப்பக்கத்து வரிகளின் தொடக்கமும் போயின. செய்யுளின் அடித்தொடக்கத்தில் மோனையும் எதுகையும் இருக்கும். போன எழுத்தைக் கண்டுபிடிக்கத் தமிழ் மாணவனுக்கு உள்ள கைவிளக்கே அவ்விரண்டும்தாம். அவையே மங்கிவிட்டால் என் செய்வது?

மீண்டும் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம். ஆய்வேடு, வேலை தேடல் என்று மூன்றாண்டுகள் கழிந்தன. 2006இல் அவ்வீட்டுக்குச் சென்றபோது பெரியவர் மறைந்திருந்தார். வீடு புதுப்பிக்கப்பட்டிருந்தது. சிதைந்த ஏடுகள் காலில் படக்கூடாது என்னும் மரியாதையால் அவற்றை மூட்டையாகக் கட்டிக் கடலில் விட்டுவிட்டதாக வீட்டார் கூறினர். புனித எழுத்து உள்ள தாள்களை அவ்வாறு நீரில் விடுவதும் மண்ணில் புதைப்பதும் நெடுநாள் வழக்கம். அவர்கள்மீது குறை சொல்ல ஏதுமில்லை. அந்நூலுக்கு இன்று எஞ்சியிருப்பவை எம்மிடம் உள்ள 72 படங்கள் மட்டுமே.

துளையும் லென்ஸும்

படம் ஏன் மங்கியது என்பதை அறிய, லென்ஸ் இல்லாத கேமராவிலிருந்து தொடங்குதல் வேண்டும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்னும் அறிஞர் (ஏறத்தாழ 965 - 1040) ஏழு பகுதிகளாக எழுதிய 'கிதாபுல் மனாளிர்' ஒளியியலின் மூலநூல்களுள் ஒன்று. அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. இருண்ட இடத்துக்குள் செல்லும் ஒரு துளையின் முன்னே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், உள்ளே எதிர்ச்சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழும் என்றும், ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறையும் என்றும் அவர் காட்டினார். ஒரே துளையில் நுழைந்தாலும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது இதனால் பெறப்பட்டது. இருட்டறை என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முற்பகுதியே கேமரா என்னும் பெயராயிற்று.

இத்தகைய துளைக் கேமராவில் குவிப்பு என்னும் பேச்சே இல்லை. அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஏறக்குறைய ஒரே அளவு தெளிவுடன் விழும். ஆனால் அத்தெளிவு முழுத்தெளிவன்று. ஊசித்துளை வழியே வரும் ஒளியும் மிகச் சொற்பம். துளையைப் பெரிதாக்கினால் ஒளி கூடும், ஆனால் பிம்பம் குழம்பும். துளையைப் பெரிதாக்கவும் வேண்டும், பிம்பம் குழம்பாதிருக்கவும் வேண்டும் என்னும் இரு தேவைகளையும் நிறைவு செய்ய வந்ததே லென்ஸ். ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு விரிந்து வரும் கதிர்களை வளைத்து மீண்டும் ஒரு புள்ளியில் சேர்க்கிறது அது. அதற்குக் கைம்மாறாக லென்ஸ் ஒன்றைக் கேட்கிறது: எந்தத் தொலைவில் உள்ள புள்ளி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தத் தொலைவில் உள்ளவை மட்டுமே புள்ளிக்குப் புள்ளியாக விழும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை சிறு வட்டங்களாகப் பரவும். அவ்வட்டங்களின் கூட்டத்தையே மங்கல் என்கிறோம்.

50 மி.மீ. லென்ஸ் என்றால் என்ன பொருள் என்று மாணவர் கேட்டார். மிகத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்ஸிலிருந்து 50 மி.மீ. பின்னால் குவியும் என்பதே பொருள். பொருள் நெருங்க நெருங்கப் பிம்பம் பின்னுக்குச் செல்லும். ஆகவே லென்ஸை முன்னே நகர்த்த வேண்டும். லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே நிகழ்வது இந்நகர்ச்சிதான். 10 மீட்டர் தொலைவில் உள்ளவருக்குக் கால் மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். 1 மீட்டருக்கு 2.6 மி.மீ. நகர்த்த வேண்டும். 45 செ.மீ. தொலைவில் உள்ள ஏட்டுக்கோ 6 மி.மீட்டருக்கும் மேல். தொலைவில் உள்ள மலைக்கும் மசூதி மினாராவுக்கும் குவிப்பு அவ்வளவாகத் தவறுவதில்லை என்பதும், கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஏட்டுக்குச் சட்டென்று தவறிவிடுகிறது என்பதும் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கின்றன.

நம் கண்ணும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் வேறு வழியில். மனிதக் கண்ணின் லென்ஸ் நகர்வதில்லை. தன் வளைவை மாற்றிக்கொள்கிறது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவது மீன் கண். அவ்வகையில் கேமரா மீனுக்கு உறவு. நாற்பதைக் கடந்தோருக்கு அவ்வளையும் தன்மை குறைந்து வெள்ளெழுத்து வருகிறது. எமக்கும் வந்துவிட்டது. கேமராவின் பார்வைத் துளையருகே சிறு திருகு ஒன்று இருக்கும். அது பார்ப்பவர் கண்ணுக்கேற்பக் காட்சியைச் சீர்செய்வதற்கு. கண்ணாடி அணியும் ஆசிரியர்கள் அதனைத் திருகிப் பாராமலேயே கேமரா பழுது என்று கூறிவிடுகின்றனர்.

மாணவரின் கேமராவில் உள்ள உணரி, பழைய ஃபிலிமைவிடச் சிறியது. '50 மி.மீ. லென்ஸ் இதில் 75 மி.மீ. ஆகிவிடும் என்கிறார்களே?' என்பது அவர் ஐயம். லென்ஸ் மாறுவதில்லை. அது தரும் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் உணரி வெட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் காட்சி 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகித் தோன்றுகிறது. அவ்வளவே.

28 மில்லிமீட்டரின் விலை

இனி எஃப் எண்ணுக்கு வருவோம். லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். ஆகவே எண் சிறிதானால் துளை பெரிது. எண் பெரிதானால் துளை சிறிது. தொடக்க நிலையினர் தடுமாறும் இடம் இது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று லென்ஸில் பொறித்திருக்கும் வரிசையில் ஒவ்வொரு படி செல்லும்போதும் ஒளி பாதியாகிறது. நாம் அன்று வைத்த எஃப் 1.8இல் துளையின் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. எஃப் 8 என்று வைத்திருந்தால் அது 6 மி.மீட்டரைச் சற்றே தாண்டும்.

இங்கேதான் எம் பிழை ஒளிந்திருந்தது. ஏட்டின் மேட்டுப்பகுதி லென்ஸிலிருந்து 45 செ.மீ. தொலைவில் இருந்தது. குவித்தது அங்கே. தைத்த முதுகருகே தாள் ஏறத்தாழ 2.5 செ.மீ. பள்ளத்தில் கிடந்தது, அதாவது 47.5 செ.மீ. தொலைவில். பள்ளத்தில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து 28 மி.மீ. அகலத் துளையை நோக்கி ஒளி கூம்பு வடிவில் விரிகிறது. குவித்த தளத்தை அது கடக்கும் இடத்தில் அக்கூம்பின் அகலம் என்ன? 28ஐ 25ஆல் பெருக்கி 475ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.5 மி.மீ. பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணக் கணக்குத்தான். பள்ளத்தில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் 1.5 மி.மீ. அகலத்துக்குப் பரவிவிட்டது என்பதே இதன் பொருள்.

ஒன்றரை மில்லிமீட்டர் பெரிதா என்று கேட்கலாம். அரபு எழுத்துக்கு அது பெரிது. சொல்லின் நடுவில் வருகையில் பா, தா, ஸா, நூன், யா என்னும் ஐந்தும் ஒரே பல் வடிவம் உடையவை. கீழே ஒரு புள்ளி இருந்தால் பா. இரண்டு இருந்தால் யா. மேலே ஒன்று நூன், இரண்டு தா, மூன்று ஸா. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளைக் குறிக்க நம் முன்னோர் மேலும் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து அரபுத்தமிழ் எழுத்துகளை அமைத்தனர். நாணற் பேனாவால் இட்ட புள்ளிகளுக்கு இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். 1.5 மி.மீ. பரவினால் இரண்டும் ஒன்றாகும், ஒன்று கறையாகும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் விதித்தும், ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாது விட்டனர். அதனால் சுவடிப் பதிப்பாசிரியர் பட்ட பாடு யாவரும் அறிந்தது. அங்கே எழுதியவர் இடாத புள்ளி. இங்கே எழுதியவர் இட்டும் யாம் தொலைத்த புள்ளி.

எஃப் 8 வைத்திருந்தால்? துளை 6.25 மி.மீ. அதே கணக்கில் பரவல் 0.33 மி.மீ. மட்டுமே. புள்ளிகள் தனித்தனியே நின்றிருக்கும். குவித்த தளத்துக்கு முன்னும் பின்னுமாகக் கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றும் ஆழத்தைப் புல ஆழம் என்பர். ஸ்டுடியோக்காரர்கள் டெப்த் என்பர். ஃபிலிமுக்கு வழக்கமாகக் கொள்ளும் அளவின்படி 45 செ.மீ. தொலைவில் எஃப் 1.8இல் அது ஏறத்தாழ 8 மி.மீ.; எஃப் 8இல் ஏறத்தாழ 35 மி.மீ. எமக்குத் தேவைப்பட்ட ஆழமோ 25 மி.மீ. அன்று லென்ஸிலேயே எஃப் 8 என்று பொறித்திருந்தது. அவ்வளையத்தை நான்கு படி திருப்பியிருந்தால் நூல் பிழைத்திருக்கும்.

திருப்பியிருந்தால் ஒளி ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறையும். நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் போய், நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அவ்வளவு நேரம் கேமராவைக் கையால் அசையாமல் பிடிக்க எவராலும் இயலாது. ஒரு ஸ்டாண்டு இருந்தால் இயலும். ஏடு ஓடிவிடப் போவதில்லையே! திருமண வீட்டிலும் விளையாட்டுத் திடலிலும் வேகம் தேவை. அசையாத ஏட்டுக்கு வேகம் எதற்கு? விரைந்து எடுக்க வேண்டும் என்னும் பழக்கத்தால் யாம் துளையைத் திறந்தோம். ஸ்டாண்டைத் தூக்கிச் செல்லச் சோம்பியதும் உண்மை.

எனவே எந்த லென்ஸ் வாங்கலாம் என்னும் வினாவுக்கு எம் விடை, முதலில் ஸ்டாண்டு வாங்குக என்பதே. மாணவர் முகம் சுருங்கியது. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றுக்கு அவர் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். அத்தகைய லென்ஸ் இருளில் முகங்களை எடுக்கவும், பின்புலத்தை மங்கவைத்து ஒருவரை மட்டும் தனித்துக் காட்டவும் சிறந்தது. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் ஏட்டுப் பணிக்கு அதன் பெருந்துளை பயன்படாது. எழுத்தை மிக நெருங்கி எடுக்க வேண்டுமாயின் மேக்ரோ லென்ஸ் நன்று. தட்டையான தாளின் ஓரங்களையும் அது ஒழுங்காகத் தரும். பணம் இல்லையேல், லென்ஸின் முன் திருகும் குளோஸ்-அப் கண்ணாடி குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் +2 என்று இருந்தால், லென்ஸைத் தொலைதூர நிலையிலேயே வைத்திருந்தாலும் அரை மீட்டரில் உள்ளது தெளிவாகும். ஓரங்கள் சற்றுக் குழையும். துளையைச் சுருக்கினால் அதுவும் குறையும்.

அப்படியானால் எஃப் 22 வரை சுருக்கிவிடலாமே என்று கேட்டார் மாணவர். கூடாது. ஒளி அலைவடிவினது. மிகச் சிறிய துளையின் விளிம்பில் அது வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எஃப் 8க்கும் 11க்கும் இடையில் நிற்பதே ஏட்டுப் பணிக்கு ஏற்றது.

தானே குவிக்கும் கேமரா

'ஆட்டோ ஃபோகஸ் இருக்கும்போது இவ்வளவு கணக்கு எதற்கு, ஐயா?' என்பது அடுத்த வினா. தானே குவிக்கும் கேமரா 1977இல் கோனிகா நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. 1985இல் மினோல்டா 7000 வந்தபின் எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் அது பரவியது. லென்ஸின் இருவேறு பகுதிகள் வழியே வரும் பிம்பங்களை ஒப்பிட்டு அவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பது ஒரு முறை. எம் பழைய கேமராவின் பிளவு வட்டத்தை மனிதக் கண்ணுக்கு மாற்றாகக் கருவி பார்க்கிறது என்று கொள்ளலாம். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திக் கறுப்பு வெளுப்பு வேறுபாடு எங்கே மிகுகிறது என்று தேடுவது மற்றொரு முறை. இரண்டுக்குமே பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். வெற்றுத்தாளின் நடுவிலும், மங்கிய மையிலும், இருளிலும் அவை தடுமாறுவது இதனால்தான்.

விளிம்பு கிடைத்துவிட்டாலும், எதற்குக் குவிப்பது என்பதைக் கருவி அறியாது. நம் மாணவர் காட்டிய படங்கள் சிலவற்றில் மிகத் தெளிவாக இருந்தது, ஏட்டை அழுத்திப் பிடித்திருந்த தோழரின் கட்டைவிரல். ரேகை எண்ணிவிடலாம்! எழுத்து இல்லை. குவிப்புக் கட்டத்தை நாமே எழுத்தின்மேல் நகர்த்தி வைக்க வேண்டும். இன்றைய கேமராக்களில் திரையில் அவ்விடத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவிப்பது அதனினும் நன்று.

மாணவரின் வினாக்களுள் எம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது இது: முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் உருவத்தை எடுத்தால் கண்ணாடிக்குக் குவிக்க வேண்டுமா, உருவத்துக்கா? உருவத்துக்கே. கேமராவிலிருந்து கண்ணாடிக்கு 1 மீட்டர், கண்ணாடியிலிருந்து ஆளுக்கு 2 மீட்டர் என்றால் குவிக்க வேண்டிய தொலைவு 3 மீட்டர். கண்ணாடியில் படிந்த தூசிக்கு 1 மீட்டர். ஒளியைக் கொண்டு குவிக்கும் கருவிகள் இதனைச் சரியாகவே காணும். போலராய்டு நிறுவனம் 1978இல் வெளியிட்ட கேமரா ஒன்று வெளவாலைப் போல ஒலியலையை அனுப்பித் தொலைவு அளந்தது. அது கண்ணாடியில் பட்டே ஒலி திரும்பிவிடுவதால் சன்னலுக்கு அப்பால் உள்ளதை எடுக்கையில் ஏமாந்தது.

கண்ணாடி ஏட்டுப் பணிக்கும் உதவும். கேமரா தாளுக்கு இணையாக நிற்காவிட்டால் ஒரு பக்கம் தெளிந்து மறுபக்கம் மங்கும். தாள் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியைப் படுக்கவைத்துக் கேமரா வழியே பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் சரியாகப் படத்தின் நடுவில் தெரிந்தால் கேமரா இணையாக நிற்கிறது என்று அறியலாம். செலவில்லாத முறை.

கைப்பேசியை இகழ்வோர் உண்டு, அஃது ஏற்புடையதன்று. அதன் லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு சில மில்லிமீட்டரே. 6 மி.மீ. என்று கொண்டால், எஃப் 1.8 என்று எழுதியிருந்தாலும் துளை 3.3 மி.மீ. மட்டுமே. எம் முன்னைய கணக்கில் அதனை இட்டுப் பார்த்தால் பள்ளத்தின் பரவல் 0.17 மி.மீ.தான். அன்று இரவல் கேமராவுக்குப் பதில் இன்றைய கைப்பேசி ஒன்று எம்மிடம் இருந்திருந்தால் அவ்வேடு முழுதும் கிடைத்திருக்கும். சிறிய உணரியாதலால் குறைந்த ஒளியில் படம் பொரிபொரியாகும் என்பதே அதன் குறை. அக்குறையை மறைக்க அது செய்யும் வேலைதான் எம்மை அஞ்ச வைப்பது.

இடைச்செருகல்

மங்கிய படத்தைக் கணினியில் தெளிவாக்க முடியாதா என்று மாணவர் இறுதியாகக் கேட்டார். எம் 72 படங்களை மனத்திற்கொண்டே அவர் கேட்டார் என்பது புரிந்தது. கூர்மையாக்கும் மென்பொருள் விளிம்புகளின் கறுப்பு வெளுப்பு வேறுபாட்டை மிகுவிக்கிறது, படிக்க எளிதாகும். பரவல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் கணித்து அதனைத் திருப்பிச் சுருக்கும் முறையும் உண்டு. அது ஓரளவு உதவும். ஆனால் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தைத் தெளிவாக்கும் செயலிகள் வேறு வகையின. ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ட பழக்கத்தால், இங்கே இன்னது இருக்கக்கூடும் என்று ஊகித்து அவை வரைந்துவிடுகின்றன. மாணவர் எம் படம் ஒன்றை அவ்வாறு தெளிவாக்கிக் கொண்டுவந்தார். புகையாக இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள் அழகாக நின்றன. அவை எழுதியவர் இட்டவையா, இயந்திரம் இட்டவையா?

பதிப்புக் கலையில் இதற்குப் பழைய பெயர் உண்டு. சிதைந்த பாட்டில் தமக்குத் தோன்றிய சொல்லைச் சேர்த்து மூலம்போல் எழுதிவைப்பதை இடைச்செருகல் என்கிறோம். சிதைந்த இடத்தைச் சிதைவு என்றே காட்டிப் புள்ளியிட்டு விடுவதே நல்ல பதிப்பாசிரியர் மரபு. அப்படத்தை அழித்துவிடுமாறு அவரிடம் கூறினோம். அழிக்கத் தயங்கினார், பின் 'இயந்திரப் பாடம்' என்று பெயரிட்டுத் தனியே வைத்துக்கொண்டார். அஃதும் ஒரு முறைதான்.

அண்மையில் நம் துறையினர் சிலர் வேறொரு கடற்கரை ஊரில் ஒரு வீட்டுக்குச் சென்றோம். ஏடு அதே போன்ற தடித்த ஏடு. இம்முறை ஸ்டாண்டு இருந்தது. கேமராவைக் கீழ்நோக்கி நிறுத்தி, கண்ணாடி வைத்துச் சரிபார்த்து, எஃப் 8 வைத்து, விரல் பட்டு அசையாதிருக்க இரண்டு நொடி தாமதித்து எடுக்குமாறு மாணவர் அமைத்தார். ஒவ்வொரு பக்கத்தையும் மேட்டுக்கு ஒருமுறையும் பள்ளத்துக்கு ஒருமுறையுமாகக் குவித்து இருமுறை எடுத்தார். வீட்டுப் பெரியம்மா அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒரே ஏட்ட எதுக்கு வாப்பா ரெண்டு தரம் எடுக்குறீங்க?' என்று கேட்டார். மாணவர் திரையைப் பெரிதாக்கித் தைத்த முதுகருகே உள்ள வரியைக் காட்டினார். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு, அரபுத்தமிழைத் தடையின்றிப் படித்தார். ஓரிடத்தில் யாம் நூன் என்று கொண்ட எழுத்தை அவர் வேறாகப் படித்தார். மேலே புள்ளி இருக்கிறதே என்றோம்.

'அது நுக்தா இல்ல வாப்பா. பூச்சி தின்ன ஓட்டை' என்றார்.

ஏட்டை எடுத்துப் பார்த்தோம். ஓட்டைதான், அடியில் இருந்த தாளின் கறுத்த எழுத்து அதன் வழியே தெரிந்து புள்ளிபோல் நின்றிருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு தாளுக்கும் அடியில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகி எடுத்தோம். எடுத்து முடித்திருந்த பதினோரு பக்கங்களையும் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.